நாற்பத்தெட்டு ரூபாய் ரசீது: பம்பாய் வாடகைச் சட்டமும் நம் குடும்பங்களும்

மலர்க்குழு நண்பர்கள் "பழைய மாட்டுங்காவைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது கோயில், கச்சேரி, மெஸ் சாப்பாடு, பூக்கடை இவற்றைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். எனக்குக் கைவந்தது ரசீதுகள்தான். அப்பாவின் தகரப் பெட்டியில் ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருந்த வாடகை ரசீதுகளை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் ரசீது 1939ஆம் வருஷத்தியது. மாத வாடகை ரூ. 48. கடைசி ரசீதுகளில் ஒன்று 1999 டிசம்பர். அதிலும் வாடகை என்ற கட்டத்தில் ரூ. 48. நடுவே ஒரு உலக யுத்தம், சுதந்திரம், பிரிவினை, மொழிவாரி மாநிலம், அப்பாவின் ரிடயர்மெண்ட், அவர் காலமானது, என் பெண்ணின் கல்யாணம் எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. அந்த ஒரு எண் மட்டும் அசையவில்லை. அது ஏன் அசையவில்லை, அசையாமல் இருந்ததற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. சாள்களில் அறைக்குப் பத்துப் பேர் என்று அடைந்து கிடந்த ஜனங்கள் செத்து விழுந்தார்கள். ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். நெரிசலும் காற்றோட்டமில்லாத வீடுகளுமே காரணம் என்று நினைத்த அரசாங்கம் 1898இல் சட்டம் போட்டு, பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கியது. அது தீட்டிய திட்டங்களில் ஒன்று தாதர்-மாட்டுங்கா திட்டம். வயலும் சேறுமாக இருந்த இடத்தில் அகலத் தெருக்கள் போட்டு, மரம் வைத்து, மனை பிரித்து, நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் குஜராத்தி, கட்ச்சி வியாபாரிகள். குடிவந்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள்: பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்பும் ஷார்ட்ஹாண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த குமாஸ்தாக்கள். 1933இல் டிரஸ்டை நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள்ளேயே குளியலறை, கக்கூஸ் என்பது நம் பெரியவர்களுக்கு முதலில் அருவருப்பாக இருந்ததாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த என் பாட்டி, "சமையலுள்ளுக்குப் பக்கத்திலேயே இது என்ன கண்ராவி" என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா சொல்லுவார். நாலாவது நாள் பழகிவிட்டது.

அப்பா சொன்ன இன்னொரு விஷயம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அவர் வீடு தேடியபோது மாட்டுங்காவில் தெருவுக்குத் தெரு 'வாடகைக்கு' போர்டு தொங்கியதாம். வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களைத் தேடிய காலம் அது. அப்பா ஐம்பது சொன்ன இடத்தில் பேரம் பேசி நாற்பத்தெட்டாக்கினார். இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்ததைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேரம் அறுபது வருஷத்துக்குச் செல்லும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வாடகைக்கு வரம்பு கட்டுவது பம்பாய்க்குப் புதிதல்ல. முதல் உலக யுத்த சமயத்தில், 1918இல், ஒரு சட்டம் வந்தது. 1916 ஜனவரி முதல் தேதியன்று என்ன வாடகையோ அதுவே அளவு என்று வைத்தார்கள். அது தற்காலிகச் சட்டம்; 1928இல் காலாவதியாகி ஒழிந்தது. இரண்டாம் யுத்தம் வந்ததும் 1939இலும் 1944இலும் மறுபடி சட்டங்கள். பிறகு வந்ததுதான் 1947ஆம் வருஷச் சட்டம். 1948 பிப்ரவரி 13 முதல் அமலானது. பிரிவினையில் சிந்துவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். 1941க்கும் 1951க்கும் இடையில் புறநகர்களையும் சேர்த்து இந்த ஊரின் ஜனத்தொகை பத்து லட்சத்துக்கு மேல் கூடியது. அன்றைக்கு அந்தச் சட்டம் வராமல் போயிருந்தால் என் அப்பாவைப் போன்ற குமாஸ்தாக்கள் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்திருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சட்டத்தின் சாரம் எளிது. 1940 செப்டம்பர் முதல் தேதியன்று ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதுவே 'நியம வாடகை'. அதற்குமேல் கேட்பதும் வாங்குவதும் குற்றம். நகராட்சி வரி ஏறினால் அந்த ஏற்றத்தை மட்டும் குடித்தனக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம். வாடகை கொடுத்துவரும்வரை காலி செய்யச் சொல்ல முடியாது. சொல்வதற்குரிய காரணங்கள் சில, அவற்றை நிரூபிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். குடித்தனக்காரர் காலமானால், அவரோடு அந்த வீட்டில் வசித்துவந்த குடும்பத்தவருக்கு அந்த உரிமை போய்ச் சேரும். 'வசித்துவந்த' என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இதுவும் தற்காலிகச் சட்டம்தான். ஆனால் 1928இல் நடந்தது இப்போது நடக்கவில்லை. காலாவதியாகும் தேதி வரும், சட்டசபையில் நீட்டிப்பார்கள். மறுபடி வரும், மறுபடி நீட்டிப்பார்கள். வீட்டுக்காரர் ஒருவர், குடித்தனக்காரர் ஒன்பது பேர். ஓட்டு எந்தப் பக்கம் என்று கணக்குப் போட அரசியல்வாதிக்குச் சொல்லித்தர வேண்டுமா?

எங்கள் கட்டடத்தில் சரியாக ஒன்பது குடித்தனம்தான். மாடிக்கு மூன்று, மூன்று மாடி. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் விதவை. கட்ச்சிக்காரர். அவரை எல்லோரும் மோட்டிபென் என்றுதான் கூப்பிடுவோம். 1978 மழையில் எங்கள் சமையலறைக் கூரைப் பூச்சு பெயர்ந்து, அடுப்பிலிருந்த சாம்பாரில் விழுந்தது. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கீழே போனார். மோட்டிபென் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டை எடுத்துவந்து அப்பா முன்னால் விரித்தார். ஒன்பது வீட்டு வாடகையும் சேர்ந்து மாதம் நானூற்றுச் சொச்சம். எதிர்ப்பக்கத்தில் கொத்தனார் கொடுத்த எஸ்டிமேட் ஆறாயிரம். "அண்ணா, நீங்கள் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். இதை எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார், பம்பாய் இந்தியில். அப்பா நோட்டைப் பார்த்தார். பிறகு, "பார்க்கலாம் பென்" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். படியில் ஏறும்போது என்னிடம், "அவ சொல்றது நியாயம்தாண்டா. ஆனா சட்டம் நம்ம பக்கம் இருக்கே" என்றார். அந்த 'ஆனா'வில்தான் நம் குடும்பங்கள் மூன்று தலைமுறை குடியிருந்தோம்.

ரிப்பேர் செய்ய முடியாத கட்டடங்கள் மழைக்காலத்தில் இடிந்து விழ ஆரம்பித்தன. அரசாங்கம் என்ன செய்தது? வாடகையை உயர்த்தவில்லை. 1969இல் ரிப்பேர் போர்டு ஒன்றை அமைக்கச் சட்டம் போட்டு, பழைய கட்டடங்கள் மேல் ஒரு தீர்வை விதித்தது. நகரத்தீவுக்குள் 19,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இந்த வலையில் வந்தன. 1940 செப்டம்பருக்கு முந்தியவை 'ஏ' வகுப்பு, எங்களுடையது அது. பின்னால் இந்தப் போர்டு மாடா என்கிற வீட்டுவசதி அமைப்பின் கீழ் போயிற்று. போர்டுக்காரர்கள் வந்து மூங்கில் முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முட்டுக்கட்டைகள் எங்கள் வராந்தாவில் பதினொரு வருஷம் நின்றன. குழந்தைகள் அதில் ஊஞ்சல் கட்டி ஆடினார்கள்.

1986இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இப்படித் தீர்வை கட்டும் கட்டடத்தில் நூற்றுக்கு எழுபது குடித்தனக்காரர்கள் சேர்ந்து கேட்டால், அரசாங்கம் கட்டடத்தையே கையகப்படுத்தி அவர்களின் சங்கத்துக்குக் கொடுக்கலாம். வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு நூறு மாத வாடகை. எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 4,800 ரூபாய்! வீட்டுக்காரர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தனியார் சொத்தும் 'சமூகத்தின் பொருள்வளம்'தானா என்ற அரசியல் சாசனக் கேள்வியாக அது வளர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2024 நவம்பர் 5ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது: எல்லாத் தனியார் சொத்தும் அப்படி ஆகாது என்று. அந்தக் கேள்வி கிளம்பியது நம் பக்கத்துத் தெருக்கள் மாதிரியான இடங்களிலிருந்துதான் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

இதற்கிடையில் பகடி. தமிழில் பகடி என்றால் கேலி. இந்த ஊரில் பகடி என்றால் தலைப்பாகை. வீடு கைமாறும்போது ரசீதுக்கு வெளியே கொடுக்கும் மொத்தப் பணத்துக்கும் அதுவே பெயர். இரண்டு அர்த்தமும் பொருந்தும். 1947 சட்டப்படி அது குற்றம். ஆனால் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போகும்போது புதிதாக வருகிறவரிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, அதில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்து, ரசீதைப் பெயர் மாற்றுவார்கள். எல்லாம் ரொக்கம். வாடகைக்குக் கட்டிய வரம்பு, வெள்ளைப் பணத்தில் வந்திருக்க வேண்டியதைக் கறுப்பில் திருப்பிவிட்டது, அவ்வளவுதான்.

1973இல் ஒரு திருத்தம் வந்தது. அவ்வருஷம் பிப்ரவரி முதல் தேதியன்று 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் குடியிருந்தவர்களையும் பாதுகாக்கப்பட்ட குடித்தனக்காரர்களாகவே கருத வேண்டும் என்றார்கள். குடியிருந்தவர்களுக்கு அது தெய்வமே நேரில் வந்த மாதிரி. ஆனால் அன்றிலிருந்து வீடு காலியாக வைத்திருந்தவர்கள் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கம்பெனி லீஸ் கொடுப்பார்கள், கட்சிக்காரர் சிபாரிசு என்றாலும் தனிநபருக்குக் கொடுக்க மாட்டார்கள். 1976இல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பம்பாய், சென்னை மாதிரிப் பெருநகரங்களில் காலிமனைக்கு 500 சதுர மீட்டர் என்று வரம்பு வைத்தது. நிலமும் வழக்கில் உறைந்தது. மத்திய அரசு 1999இல் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தை அதே வருஷம் ரத்து செய்தது. மகாராஷ்டிரம் 2007 நவம்பர்வரை இழுத்தது.

என் தம்பிக்கு 1983இல் கல்யாணம். மாட்டுங்காவில், சயனில், வடாலாவில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பகடி கொடுக்கப் பணம் இல்லை. எங்கள் இரண்டு அறை, சமையலறை வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு குழந்தைகள். புதுமணத் தம்பதி மூன்று வருஷம் ஹாலில் திரை கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். 1986இல் கடன் வாங்கி முலுண்டில் ஓனர்ஷிப் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனான். அவன் வயதொத்த நம் பிள்ளைகள் இப்படித்தான் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் செம்பூருக்கும் வாஷிக்கும் சிதறினார்கள். "தமிழர்கள் புறநகருக்குப் பரவினார்கள்" என்று நம் மலர்களில் பெருமையாக எழுதுவோம். பரவவில்லை, தள்ளப்பட்டார்கள். உள்ளே உட்கார்ந்துவிட்டவர்கள் எழுந்திருக்காததால் பின்னால் வந்தவர்களுக்கு இடமில்லை. உட்கார்ந்திருந்தவன் நான்.

இனி வரி விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பொறுமையாகப் படியுங்கள். பம்பாய் நகராட்சி 1888 சட்டப்படி, ஒரு வீடு வருஷத்துக்கு எவ்வளவு வாடகைக்குப் போகுமோ அதில் பத்து சதவீதம் கழித்து, மிச்சத்தின் மேல் சொத்து வரி போடும். சட்டப்படி நியம வாடகைக்குமேல் வாங்கக்கூடாது என்றால், அதற்குமேல் போகும் என்று நகராட்சியும் கற்பனை செய்ய முடியாது. டெல்லி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுக்கு: மாதம் 48 வீதம் வருஷத்துக்கு 576. பத்து சதவீதம் கழித்தால் 518 ரூபாய் 40 காசு. இந்த 518.40இன் மேல்தான் ஊருக்கு ரோடு, சாக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம். 1962இல் மாநில அரசு கொண்டுவந்த கல்வித் தீர்வையும் இதே வாடகை மதிப்பின் மேல்தான். ஆக, 1940இல் உறைந்தது வாடகை மட்டும் அல்ல. நகராட்சியின் கஜானாவும், பள்ளிக்கூடத்துக்கு என்று எடுத்து வைத்த காசும் அதோடு உறைந்தன. தம்பியின் புது ஃபிளாட்டுக்கு நியம வாடகை என்பது கட்டிய செலவை வைத்துக் கணக்கிடப்பட்டது. எனவே குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும் முலுண்டில், எங்களைவிடப் பல மடங்கு வரி. "அண்ணா, ஒங்க தெருக் குப்பையையும் நான்தான் காசு கொடுத்து அள்றேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

குறைந்த வருமானத்தை நகராட்சி எங்கே ஈடுகட்டியது? ஆக்ட்ராய், அதாவது ஊருக்குள் நுழையும் சரக்கின் மேல் சுங்கம். தம்பி வீட்டுக்குப் போகும் வழியில் முலுண்டு நாக்காவில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் சுங்கம். எங்கள் வீட்டு வரியில் குறைந்தது, தாராவியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த நம்மவர் வாங்கிய சோப்பிலும் எண்ணெயிலும் கூடியது. வியாபாரிகள் புத்திசாலிகள்; கிடங்குகளை நாக்காவுக்கு வெளியே பீவண்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் மும்பையில் ஆக்ட்ராய் ஒழிந்தது. அதற்குப் பதிலாக மாநில அரசு நகராட்சிக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் சம்பளச் சீட்டில் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 என்று பிடித்தார்களே, தொழில் வரி, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1975ஆம் வருஷச் சட்டம் அது. அந்தப் பணம் மகாராஷ்டிரத்தில் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்துக்குப் போயிற்று. பிற்காலத்தில் தேசம் முழுவதற்கும் வந்த திட்டத்துக்கு அதுதான் முன்னோடி. தமிழ்நாட்டில் அதே வரியை உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலித்துத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஒரே பெயர், இரண்டு ராஜ்ஜியம், இரண்டு பாதை. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பள்ளிக்கூடம். நம் சமூகத்தில் வசதியும் முனைப்பும் இருந்தவர்கள் 1932லேயே மாட்டுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியை ஆரம்பித்துப் பிள்ளைகளுக்கு வழி பண்ணிக்கொண்டார்கள். தாராவியிலும் கோலிவாடாவிலும் இருந்தவர்களுக்கு நகராட்சிப் பள்ளிதான். 1920ஆம் வருஷச் சட்டப்படி ஆரம்பக் கல்வி நகராட்சியின் பொறுப்பு. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் நகராட்சி தேசத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏழாம் வகுப்போடு நின்றன. 1980களில் ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். ஏழாவது முடித்த ஒரு பையன் திடீரென்று இந்தி மீடியத்திலோ ஆங்கில மீடியத்திலோ எட்டாவது சேர வேண்டும். கெட்டிக்காரனாக இருந்தாலும் தடுமாறுவான். அடுத்த வருஷம் தோல் கிடங்கில் பார்ப்போம். "ஏண்டா தம்பி நின்னுட்டே?" என்றால், "புரியல சார்" என்பான். கஜானா எங்கே உறைந்தது என்பதை அந்தப் பையனுக்கு எப்படி விளக்குவது? அந்தக் காலத்தில் எனக்கே அது தெரியாது. தெரிந்தபோது என் வீட்டு ரசீது கையில் இருந்தது.

வேலை கொடுக்கும் ஊர் என்ற பெயரும் இதில் அடிபட்டது. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை. அதற்கு ஆயிரம் காரணங்கள். வாடகைச் சட்டத்தின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. ஆனால் மில் நிலங்களை என்ன செய்வது என்று வந்தபோது வீட்டுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. 1991 விதி, மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளி, ஒரு பங்கு பொது வீட்டுவசதி, ஒரு பங்கு சொந்தக்காரர் என்றது. 2001 திருத்தம், கட்டடம் இல்லாத காலிநிலத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கீடு என்று சுருக்கியது. 2006இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. பரேலில் இன்று நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 2001 திருத்தம்தான் ஞாபகம் வரும். என் வங்கியிலேயே தெற்கிலிருந்து பம்பாய்க்கு மாற்றல் என்றால் அதிகாரிகள் காலில் விழுந்து ரத்து செய்துகொள்வார்கள். சம்பளம் ஒன்றுதான், வீடு எங்கே? இளைஞர்கள் பெங்களூர், ஹைதராபாத், சென்னை என்று போனதற்கு அங்கே சாப்ட்வேர் வந்தது ஒரு காரணம். இங்கே தலை சாய்க்க இடம் இல்லாதது இன்னொரு காரணம்.

சென்னையில் மட்டும் வாடகைச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1960 சட்டம் அங்கே நெடுங்காலம் ஆண்டது. ஆனால் அது ஒரு பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. கட்டடச் செலவும் மனை மதிப்பும் சேர்த்து, அதில் இன்ன சதவீதம் 'நியாய வாடகை' என்று நிர்ணயிக்கும் முறை அங்கே இருந்தது. அங்கும் வழக்குகள், இழுபறிகள் உண்டு. என் மைத்துனர் மயிலாப்பூரில் எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார். 2017இல் அதை நீக்கிப் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரியில் அமலானது. ஆனால் நாற்பத்தெட்டு ரூபாயை அறுபது வருஷம் நாற்பத்தெட்டாகவே வைத்திருக்கும் சாமர்த்தியம் அங்கே யாருக்கும் வரவில்லை.

இங்கே திருப்பம் வந்தது 1997 டிசம்பரில். சுப்ரீம் கோர்ட் ஒரு மகாராஷ்டிர வழக்கில், வாடகையை உறைய வைக்கும் பிரிவுகள் இயற்றியபோது சரியாக இருந்தாலும் காலம் போகப்போக நியாயமற்றவை ஆகிவிட்டன என்று சொல்லிற்று. 1998 மார்ச் 31இல் சட்டம் எப்படியும் காலாவதியாகிறது, புதுச் சட்டம் யோசனையில் இருக்கிறது என்பதால் ரத்து செய்யாமல் விட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை ஒரு வக்கீல் நண்பரிடம் வாங்கி இரவு முழுவதும் படித்தேன். புதுச் சட்டம் 2000 மார்ச் 31இல் அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் பாதுகாப்பு நீங்கியது. பகடி சட்டபூர்வமானது. எங்களைப் போன்றவர்களுக்கு வருஷம் நான்கு சதவீதம் உயர்வு. அதாவது ஒரு ரூபாய் 92 காசு! இந்த வேகத்தில் போனால் இருபது வருஷம் கழித்து 105 ரூபாய். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவர் டிபனும் காப்பியும் சாப்பிட அது போதாது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1984இல் நான் கலர் டி.வி. வாங்கினேன். எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பதினைந்து வருஷ வாடகை. மறுநாள் கட்டடக் கூட்டத்தில், "நாமாகவே மோட்டிபென்னுக்கு மாதம் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன். இரண்டாம் மாடிக்காரர் சட்டம் தெரிந்தவர். "கொடுத்தா வாங்கினதுக்கு அந்த அம்மா மேலதான் கேஸ் வரும், சார். அவளுக்கு நல்லது பண்றதா நெனச்சு மாட்டி விடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ரிப்பேர் செலவு என்று சொல்லி எல்லோரும் சேர்ந்து கொடுத்திருக்கலாம்; வழி இருந்தது. மனசுதான் இல்லை.

அப்பா 1991இல் காலமானார். 'வசித்துவந்த' மகன் நான் என்பதால் ரசீது என் பெயருக்கு மாறியது. முலுண்டுக்குத் தள்ளப்பட்ட தம்பிக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு ரூபாய் வாடகை வீட்டில் பங்கு என்று கேட்க அன்று அவனுக்கும் தோன்றவில்லை. 2013இல் எங்கள் கட்டடத்தை மறுகட்டுமானத்துக்குக் கொடுத்தோம். 1991 விதிகளின் 33(7) பிரிவில், பழைய குடித்தனக்காரருக்குப் பழைய அளவு வீட்டை இலவசமாகக் கட்டிக்கொடுத்து, மேலே கூடுதல் மாடி எழுப்பி விற்றுப் பில்டர் லாபம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. கட்டி முடியும்வரை வெளியே தங்க பில்டர் எங்களுக்கு மாதம் நாற்பதாயிரம் கொடுத்தார். அதே தெருவில், எதிர்க் கட்டடத்தில், அதே அளவு வீட்டுக்கு. முதல் செக் வந்த அன்று மோட்டிபென்னை நினைத்துக்கொண்டேன். அவர் 1995லேயே போய்விட்டார்.

2019இல் புது வீட்டுக்கு வந்தோம். 480 சதுர அடி, இப்போது சொந்தம். அதன் விலையைத் தம்பியின் பையன்தான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். அறையில் யாரும் பேசவில்லை. பாதியைத் தம்பி பெயருக்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். என் பெண் சரி என்றாள், மாப்பிள்ளை யோசிக்கலாம் என்றார். தம்பி, "அதெல்லாம் வேண்டாம்ணா, காப்பி ஆறிப்போறது" என்றான். பத்திரம் இன்னும் வக்கீலிடம்தான் இருக்கிறது.

நகராட்சி 2010 ஏப்ரல் முதல் வாடகை மதிப்பை விட்டுச் சொத்தின் விலை மதிப்பின் மேல் வரி போடும் முறைக்கு மாறிவிட்டது. இனியாவது மாட்டுங்காவும் முலுண்டும் சமம் என்று நினைத்தேன். 2022 ஜனவரி முதல், 500 சதுர அடி வரை உள்ள குடியிருப்புகளுக்குச் சொத்து வரி அடியோடு தள்ளுபடி. எங்கள் 480 சதுர அடிக்கு வரி கிடையாது. தம்பியின் வீடு 540 சதுர அடி. அவன் கட்டுகிறான்.